திருவிழாவுக்கு மறுநாள்

என் தம்பி சிறையிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. தோட்டம் என்று இப்போதும் பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அங்கே இருந்த குடும்பங்களில் பாதி கோல சிலாங்கூரைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளுக்கும், மீதி ரவாங், புஞ்சாக் ஆலாம் என்றும் போய்விட்டன. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். சனிக்கிழமை திருவிழா. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெலாவத்தி மலைக்கோ ஜெராம் கடற்கரைக்கோ போய்விட்டு வீடு திரும்புவார்கள். யாரும் கூடிப் பேசிவைத்த ஏற்பாடு இல்லை. வந்ததுதான் வந்தோம், பிள்ளைகளுக்கு ஏதாவது காட்டலாம் என்று ஆரம்பித்தது, பழக்கமாகிவிட்டது.

தம்பி பழ லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். தோட்டத்தில் வெட்டிய செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் வேலை. காய்ப்பு அதிகமான மாதங்களில் ஓய்வே கிடையாது. அப்படி ஒரு விடியற்காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். எதிரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவர் எங்களுக்குத் தெரியாத ஆள் இல்லை. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது அடுத்த லயத்தில் இருந்த பெண்ணைக் கட்டியவர். அந்தப் பெண் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடமும் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

வழக்கு நடந்தபோது தம்பி எதையும் மறுக்கவில்லை. தூங்கிவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னான். தண்டனை முடிந்து வந்தவனை புஞ்சாக் ஆலாமில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அப்பா போனதிலிருந்து அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள், மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. வீடு சின்னது. இருந்தாலும் பின்பக்க அறையைத் தம்பிக்கு ஒழித்துக் கொடுத்தோம்.

அவன் எங்களுக்கு எந்தச் சிரமமும் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். துணி துவைப்பான், வாசலைக் கூட்டுவான், மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வான். ஆனால் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். காலையில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் தம்பி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பான். முதல் சில நாட்கள் எனக்குப் புரியவில்லை. புரிந்தபிறகு யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டிக்காரரிடம் மட்டும், எங்கள் வீட்டுக்கு முன்னால் ஹார்ன் வேண்டாம், நானே முச்சந்திக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திருவிழாவுக்கு அம்மா ஒவ்வொரு வருடமும் மாவிளக்கு எடுப்பார். தம்பி உள்ளே இருந்த வருடங்களிலும் நிறுத்தவில்லை. இந்த முறை அவனையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு மாலை பச்சரிசியைக் களைந்து துணியில் பரப்பியபடியே அவனிடம் கேட்டார்.

“நீங்க போங்கம்மா. அவங்க வருவாங்க. அவங்க நிக்கிற எடத்துல நான் எப்படி வந்து நிக்கிறது?” என்றான்.

அம்மா வற்புறுத்தவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, தானும் போகவில்லை என்று சொல்லிவிட்டார். முழங்கால் வலிக்கிறது என்றார். ஊறவைத்து இடித்த மாவைக் கொழுக்கட்டையாகப் பிடித்து எங்களுக்குக் கொடுத்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா போகாத முதல் திருவிழா அது. அவர் போகாததால் நாங்களும் போகவில்லை. அன்று பகல் முழுவதும் வீட்டில் தொலைக்காட்சி ஓடியது, யாரும் பார்க்கவில்லை. நாங்கள் ஐந்து பேரும் தன்னால்தான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தம்பிக்குத் தெரியும். அவன் பின்பக்கத்து வேலி ஓரம் புல் செதுக்கிக்கொண்டே இருந்தான். செதுக்க ஒன்றும் மிச்சமில்லாத இடத்திலும் செதுக்கினான்.

மறுநாள் காலையில் நான்தான் மலைக்குப் போகலாம் என்றேன். சனி, ஞாயிறுகளில் மெலாவத்தி மலைமேல் சொந்த வண்டிகளை விடமாட்டார்கள். கீழே நிறுத்திவிட்டு டிராமில்தான் ஏறவேண்டும். டிராம் என்றால் தண்டவாளம் எல்லாம் கிடையாது. பக்கவாட்டில் திறந்த, வரிசை வரிசையாகப் பெஞ்சு போட்ட வண்டி. மலைமேல் மோட்டார் சைக்கிள் சத்தமே இருக்காது என்பதுதான் என் கணக்கு. திருவிழாவுக்கு வந்தவர்கள் அங்கே வருவார்கள் என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் வெயில் தாழ்ந்தபிறகுதான் வருவார்கள், நாம் காலையிலேயே போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். தம்பி மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். மகன் அவன் கையைப் பிடித்து, “மாமா, அங்க குட்டிக் கொரங்கு ஆரஞ்சு கலர்ல இருக்கும், தெரியுமா?” என்று கேட்டதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

நெத்திலிச் சம்பலும் அவித்த முட்டையும் வைத்து, தேங்காய்ப்பால் சோற்றை நாசி லெமாக்காகக் கட்டிக்கொண்டேன். வேனில் தம்பி கடைசி வரிசையில் உட்கார்ந்து, வழியெல்லாம் சாலையைப் பார்க்காமல் மகன் சொன்ன குரங்குக் கதைகளைக் கேட்டுக்கொண்டு வந்தான்.

டிராமில் நாங்கள் ஏறியபோது பின்பக்கம் இரண்டு வரிசை காலியாக இருந்தது. அம்மாவும் தம்பியும் நானும் ஒரு பெஞ்சில். கணவரும் பிள்ளைகளும் பின்னால். வண்டி கிளம்பியபிறகுதான் எங்களுக்கு முன் பெஞ்சில் இருந்தவளின் பின்னங்கழுத்தைக் கவனித்தேன். தலையில் முந்தைய நாள் மல்லிகைச் சரம் வாடிக் கிடந்த ஒரு சிறுமி அவள் தோளில் சாய்ந்திருந்தாள். சிறுமி ஏதோ கேட்க, அவள் பதில் சொல்லப் பக்கவாட்டில் திரும்பினாள். அவளேதான். அந்தப் பெண்தான்.

நான் தம்பியைப் பார்த்தேன். எனக்கு முன்பே அவன் பார்த்துவிட்டிருக்கிறான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அம்மா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஓட்டுநர் ஒலிபெருக்கியில் பீரங்கிகளைப் பற்றியும் பழைய சுல்தான்களைப் பற்றியும் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். மரங்களுக்கு நடுவே ஆறு கடலில் சேரும் இடம் தெரிந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி செல்போனில் படம் எடுத்தார்கள். முன் பெஞ்சில் இருந்தவள் திரும்பவில்லை. அவள் முதுகு விறைப்பாக நிமிர்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது, அவளும் எங்களைப் பார்த்துவிட்டாள்.

உச்சியில் இறங்கியதும் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு கலங்கரை விளக்கத்துப் பக்கம் போனாள். அவளோடு அவள் அக்கா குடும்பமும் வந்திருந்தது. நாங்கள் எதிர்ப் பக்கம் நடந்து, ஒரு பெரிய மழைமரத்தடியில் பாயை விரித்தோம். என் கணவர், அடுத்த டிராமிலேயே இறங்கிவிடலாமா என்று மெதுவாக என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தம்பியே, “வேணாம் மாமா. புள்ளைங்க இப்பதான வந்துச்சுங்க. நான் நடந்து கீழ போயிர்றேன். நீங்க இருந்துட்டு வாங்க” என்றான்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. தான் போய் அவளிடம் பேசுவதாக எழுந்துவிட்டார். போய் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். காலில் விழுவேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையோடு மலைக்கு வந்திருப்பவள் காலில் போய் விழுந்தால் அவள் என்னதான் செய்வாள் என்று நான் சொன்னதும் அம்மா மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். மகனும் மகளும் இது எதுவும் தெரியாமல் பயற்றங்காய்க் கட்டு வாங்கி, சாம்பல் நிறக் குரங்குகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய்க் குரங்கின் வயிற்றில் மகன் சொன்னது போலவே ஆரஞ்சு நிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா வந்து பார்க்கவேண்டும் என்று அவன் கத்திக் கூப்பிட்டான். அதனால்தான் தம்பி உடனே கிளம்பாமல் நின்றான். குரங்குப் பக்கமும் போகவில்லை, பாதைப் பக்கமும் போகவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

அப்போது அவள் எங்களை நோக்கி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். கையில் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம். நேராக அம்மாவிடம் வந்து, பாயின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“நேத்து ஏன் அத்த வரல? முட்டி வலியா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்தாள். கோயில் திருநீறும் குங்குமமும். அம்மாவுக்காக என்று வாங்கியது அல்ல, வீட்டுக்கு எடுத்துப்போக வைத்திருந்தது என்று அவளே சொன்னாள். பிறகு என்னிடம் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று விசாரித்தாள். நானும் அவள் மகளைப் பற்றிக் கேட்டேன். ஆறாம் வகுப்பு, கணக்கில்தான் கொஞ்சம் மந்தம் என்றாள். சந்தையில் பார்த்துக்கொண்டவர்கள் பேசுகிற மாதிரி பேசினோம். அவள் கைகளை மடியில் இறுக்கிக் கோத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டபோதுதான் மரத்துப் பக்கம் திரும்பினாள். அவனைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துப் பேசினாள்.

“நீ ஏன் நேத்து வரல?”

தம்பி முன்னால் வந்தான். “நீ இருப்பேன்னுதான்…” என்று ஆரம்பித்தான்.

“நீ வரலன்னு எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான்தான் உன்ன வரவேணாம்னு சொன்ன மாதிரி ஆயிருச்சி. கோயில் தலைவரு எங்கிட்ட வந்து, கவலப்படாதம்மா, அவன நாங்க உள்ள விடமாட்டோம்ங்கிறாரு. நான் எப்ப அவர்கிட்ட அப்படிக் கேட்டேன்? அத்த மாவெளக்கு எடுக்காம போனது என்னாலன்னு நாலு பேரு பேசுறாங்க. எனக்கு இருக்கிறது பத்தாதா? இதையும் நான் சொமக்கணுமா?”

அவள் குரல் உயரவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தம்பி வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“கோர்ட்டுல நீ சொன்னத நான் கேட்டேன். திரும்பச் சொல்லாத. மன்னிச்சிட்டேன்னும் நெனச்சிக்காத, அது வேற. அடுத்த வருசம் கோயிலுக்கு வா. எனக்கு முன்னால வந்து நிக்காத, அவ்வளவுதான். ஆனா வா.”

தம்பி சரி என்றான். வெறும் சரி. வேறு எதுவும் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அதற்குள் அவள் மகள் அம்மாவைத் தேடிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். வந்தவள் எங்களைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவனைக் காட்டி, யாரும்மா இவரு என்று கேட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தம்பி பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தான்.

“எங்கூடப் படிச்சவரு. தமிழ்ப் பள்ளியில” என்றாள் அவள்.

சிறுமி தம்பிக்குக் கை குவித்து வணக்கம் சொன்னாள். தம்பி பதிலுக்குக் கை குவித்தான். என் மகள் கெட்டிக்காரி. என்ன நடக்கிறது என்று பாதியாவது அவளுக்குப் புரிந்திருக்கவேண்டும். கையில் மிச்சமிருந்த பயற்றங்காயில் பாதியைச் சிறுமியிடம் கொடுத்து, குரங்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே மூன்று பிள்ளைகளும் கொஞ்ச நேரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களான நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் மகளைக் கூப்பிட்டாள், போய்விட்டார்கள்.

கட்டிக்கொண்டு போன நாசி லெமாக்கை மலைமேல் யாரும் தொடவில்லை. அங்கிருந்து இறங்கியதும் கணவர் யாரையும் கேட்காமல் வேனை ஜெராம் பக்கம் விட்டார். கடல் வற்றிய நேரம். கரையிலிருந்து வெகுதூரம் வரைக்கும் சேறு மின்னிக்கொண்டு கிடந்தது. அந்தக் கடலில் குளிக்கவெல்லாம் முடியாது. ஆனால் என் பிள்ளைகளுக்குச் சேறே போதும். குழி தோண்டி நண்டு தேடினார்கள். நாங்கள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைப் பிரித்தோம். பக்கத்துக் கடையில் கணவர் சுட்ட மீன் வாங்கி வந்தார். தம்பி சாப்பிட்டான். அம்மா அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வந்த நாளிலிருந்து அந்த விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன் அன்றுதான் பேசினான். அந்த மனிதரோடு தனக்குப் பழக்கமே இருந்தது என்றான். ஆலை வாசலில் பார்த்தால் கை தூக்குவாராம். ஒரு முறை லோரி டயர் வெடித்து நின்றபோது மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து உதவி செய்தாராம். அதை நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை, தானும் யாரிடமும் சொல்லவில்லை என்றான்.

“அத அவகிட்ட சொல்லணும்னு இருந்துச்சிக்கா. எப்படிச் சொல்றது? சொன்னா அவளுக்கு நல்லதா, எனக்கு நல்லதா, அதுவே தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. இப்போது சொல்லாதே, எப்போதாவது அவளே கேட்டால் சொல் என்றேன். அது சரியான பதிலா என்று இன்றும் யோசிக்கிறேன். அவன் கொஞ்ச நேரம் அழுதான். கணவர் எழுந்து போய்ப் பிள்ளைகளைச் சேற்றில் இன்னும் கொஞ்சம் தூரம் கூட்டிக்கொண்டு நடந்தார்.

அடுத்த சில வாரங்களில் தம்பி ஈஜோக் பக்கத்தில் ஒரு செடி நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தான். கணவர் காலையில் வேனில் கொண்டுபோய் விடுவார். கன்றுகளுக்கு மண் கலப்பது, தண்ணீர் விடுவது. லோரியிலும் செடிகளை ஏற்றுவான், ஓட்டமாட்டான். முதலாளி சீனர், அவனிடம் எதையும் விசாரிக்கவில்லை. சேர்கிற அன்றைக்கே தம்பி தானாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். முதலாளி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாளைக்கு ஏழு மணிக்கு வந்துவிடு என்றாராம்.

அடுத்த வருடம் திருவிழாவுக்குப் போனோம். கோயில் தலைவர் தடுக்கவில்லை. அவள் முன்கூட்டியே கோயில் கமிட்டியிடம் பேசியிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அம்மா மாவிளக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு, என் மகள் தோளைப் பிடித்தபடி கோயிலைச் சுற்றி வந்தார். தம்பி சன்னதிப் பக்கமே வரவில்லை. பின்னால் சமையல் கொட்டகையில் அண்டா கழுவப் போய்விட்டான். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். இறந்தவரின் அண்ணன் ஜெராமிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் கொட்டகையில் தம்பியைப் பார்த்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்துவிட்ட மனைவி பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் செய்தது தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? தம்பி கையைத் துடைத்துவிட்டு, நானும் போய்விடுகிறேன் என்று வந்தான். கணவர் அவனை விடவில்லை.

“இவ்ளோ பாத்திரத்த யாருலா கழுவுவா? நானா?” என்றார்.

தம்பி திரும்பிப் போனான். அவளும் அன்று வந்திருந்தாள். அம்மாவிடம் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கொட்டகைப் பக்கம் போகவில்லை.

கடைசிப் பந்தியும் முடிந்து வேலை செய்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். தம்பி கொட்டகையின் ஓரத்தில் இலையோடு தனியாக உட்கார்ந்திருந்தான். அவனோடு படித்த இன்னொருவன், இப்போது ரவாங்கில் தொழிற்சாலை வேலை, சாம்பார் வாளியோடு சுற்றிக்கொண்டிருந்தவன், வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓர் இலையை எடுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். நான் அம்மாவுக்கு மோர் எடுக்கப் போனபோது பார்த்தேன். நர்சரியில் மிளகாய்க் கன்று கிடைக்குமா, எத்தனை வாரத்தில் காய்க்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, எந்த மண்ணுக்கு எந்தக் கன்று என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.